இருபது வருடம் பின்னால் பறந்த கிளைடர்

ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து வீட்டில் இருக்கும் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். திரையின் வலது மூலையில் தேதி பல வருடங்கள் பின்னால் போயிருக்கிறது. மதர்போர்டில் நாணயம் போல உட்கார்ந்திருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கடையில் ஒன்று வாங்கிப் போட்டுத் தேதியைத் திருத்தினால் வேலை முடிந்தது. ஐந்து நிமிட விஷயம்.

இதே மாதிரி ஒரு தேதிக் கோளாறு, 2023-ல் ஒரு 19 வயதுப் பெண்ணின் நாலரை மணி நேர உழைப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. கோளாறான கருவியை 'நன்றாக வேலை செய்கிறது' என்று சொல்லி அவள் கையில் கொடுத்தது நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலைக்காக ஜெர்மனி வந்தபோது, அலுவலக நண்பர் ஒருவர் என்னைத் தன் கிளைடர் கிளப்புக்கு அழைத்துப் போனார். ஸ்வேபியன் ஆல்ப் மலைத்தொடருக்குப் பக்கத்தில் புல் மைதானமும் ஒரு பெரிய ஷெட்டும்தான் கிளப். கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத விமானம். தரையில் இருக்கும் வின்ச் கம்பியைச் சுற்றி இழுக்க, கிளைடர் பட்டம் போல மேலே போகும். கம்பியைக் கழற்றிவிட்ட பிறகு, வெயிலில் சூடாகி மேலே எழும் காற்றைத் தேடி அதில் வட்டமடிக்க வேண்டும். நம் ஊரில் பருந்து சிறகடிக்காமல் சுற்றுகிறதே, அதே வித்தைதான். கெட்டிக்காரர்கள் இப்படியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறார்கள்.

போய் வந்தது உண்மைதானா என்று எப்படி நிரூபிப்பது? முன்பு பாரோகிராப் என்ற பெட்டி இருந்தது. புகைக்கரி படிந்த தாள் சுற்றிய உருளையில் ஒரு முள் உயரத்தைக் கீறிக்கொண்டே வரும். திரும்பும் இடங்களை விமானி கேமராவில் படம் பிடிக்க வேண்டும். இரண்டையும் கிளப்பின் அதிகாரப்பூர்வப் பார்வையாளர் சீல் வைத்து, பிறகு அவரே பிரிப்பார். 1990-களின் நடுவிலிருந்து அந்த இடத்தை ஜி.பி.எஸ். பிளைட் ரெக்கார்டர் பிடித்துக்கொண்டது. சோப்பு டப்பா அளவு பெட்டி. உள்ளே ஜி.பி.எஸ். ரிசீவர், காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் சென்சார், மெமரி, ஒரு சின்ன பேட்டரி. சில விநாடிகளுக்கு ஒருமுறை நேரம், இடம், உயரம் மூன்றையும் எழுதிக்கொண்டே வரும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கும் சர்வதேச விமான விளையாட்டுக் கூட்டமைப்பின் கிளைடர் கமிஷன், அதாவது ஐ.ஜி.சி., இந்தக் கருவிகளைச் சோதித்து அனுமதி தருகிறது. கருவி தரும் பைலுக்கும் ஐ.ஜி.சி. பைல் என்றுதான் பெயர்.

அந்தப் பைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். ஒவ்வொரு வரியும் ஒரு எழுத்தில் தொடங்கும். எச் வரிகளில் தேதி, விமானி பெயர், கிளைடர் விவரம். பி வரிகளில் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம். கடைசியில் ஜி வரிகள். இவைதான் பைலின் டிஜிட்டல் கையெழுத்து. மேலே எங்காவது ஒரு எண்ணை மாற்றினாலும், சரிபார்க்கும் சாப்ட்வேரில் கொடுத்தால் 'இந்தப் பைல் கைபட்டது' என்று சொல்லிவிடும். அருமையான ஏற்பாடு என்று முதலில் நானும் வியந்தேன். இப்போதும் வியக்கிறேன், கொஞ்சம் குறைவாக.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர் என்று தெரிந்ததும் கிளப்பில் வயர் உள்ள எல்லாப் பொருளும் என் தலையில் விழுந்தது. நம் வீடுகளிலும் இப்படித்தானே? கம்ப்யூட்டர் படித்த பையன் என்றால் டி.வி. ரிமோட்டையும் நீட்டுவார்கள். அந்த வருடம் ஜூன் மாதத்தில் ஒரு கிளைடரின் ரெக்கார்டர், உயரம் காட்டும் சென்சாரைச் சரிபார்ப்பதற்காக வெளியே போயிருந்தது. ஸ்பேராக அலமாரியில் இருந்த பழைய ரெக்கார்டரை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். 2004-ல் வாங்கியது. 12 வோல்ட் கொடுத்தேன், பச்சை விளக்கு எரிந்தது. வெளியே வைத்தேன், சில நிமிடங்களில் சாட்டிலைட் பிடித்தது. திரையில் நேரத்தைப் பார்த்தேன். இந்தக் கருவிகள் உலகப் பொது நேரம்தான் காட்டும், அதுவும் விநாடி சுத்தமாகச் சரியாக இருந்தது. 'ஓ.கே.' என்று கொடுத்துவிட்டேன்.

2023 ஜூன் 10, சனிக்கிழமை. கிளப்பில் பறக்கக் கற்ற அந்தக் கல்லூரி மாணவி, 300 கிலோமீட்டர் முக்கோணப் பாதையை முன்கூட்டியே ரெக்கார்டரில் பதிவு செய்துவிட்டுப் புறப்பட்டாள். தங்கப் பேட்ஜுக்கான தூரம் அது. அறிவித்த பாதையிலேயே முடித்தால் ஒரு வைரமும் சேரும். நாலரை மணி நேரம் கழித்து வந்து இறங்கினாள். முகமெல்லாம் வெயில், வாயெல்லாம் சிரிப்பு. எல்லோரும் கை தட்டினோம். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பைலை டவுன்லோட் செய்தேன்.

பைலின் பெயரைப் பார்த்தபோதே ஏதோ உறுத்தியது. டாஸ் காலத்தில் பைல் பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும். அதனால் இந்தக் கருவிகள் வருடத்தின் கடைசி இலக்கத்தை மட்டும் முதலில் போடும். அடுத்தது மாதம். 9 வரை எண், அக்டோபருக்கு ஏ, நவம்பருக்கு பி. எங்கள் பைலில் 3 சரி. ஆனால் 6 இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருந்தது. நோட்பேடில் திறந்தேன். தேதி வரியில் 251003. அதாவது, 2003 அக்டோபர் 25. அந்தப் பெண்ணுக்கு அன்று பிறந்து சில மாதம்கூட ஆகியிருக்காது.

அந்த 25-ம் தேதியும் சனிக்கிழமைதான் என்பதைப் பிறகு கவனித்தேன். காரணம் இருக்கிறது. ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் வருடம், மாதம் எல்லாம் அனுப்புவதில்லை. 1980 ஜனவரி 6-ல் இருந்து எத்தனையாவது வாரம் என்று ஒரு எண்ணை மட்டும் அனுப்புகின்றன. பழைய சிக்னலில் அதற்கு ஒதுக்கிய இடம் 10 பிட். 10 பிட்டில் 0 முதல் 1023 வரைதான் எழுத முடியும். அதற்கு அடுத்த வாரம் மீண்டும் 0. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 ஆவது போலத்தான். 1024 வாரம் என்பது 19 வருடமும் ஏழரை மாதமும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை இப்படிச் சுழன்றது, 2019 ஏப்ரலில் மறுமுறை. அடுத்தது 2038 நவம்பர். புதிய வகை சிக்னல்களில் 13 பிட் கொடுத்திருப்பதால் அங்கே இந்தத் தொல்லை நூறு வருடத்துக்கு மேல் வராது.

2019-ல் சுழன்றது என்றால் எங்கள் கருவி 2023-ல் ஏன் கெட்டது? ரிசீவரின் பர்ம்வேரை எழுதுபவர், தான் எழுதிய காலத்தை ஒரு அடிப்படை வாரமாக வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய எண் வந்தால் அடுத்த சுற்று என்று கணக்குப் போட வைப்பார். அப்படிச் செய்தால் எழுதிய நாளிலிருந்து 1024 வாரம் நிம்மதி. எங்கள் கருவியின் ரிசீவருக்கு அந்தத் தவணை 2022-23 குளிர்காலத்தில், அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தபோது முடிந்திருக்க வேண்டும். 2022 கோடையில் அது சரியாகத்தான் வேலை செய்தது. ஆக ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தனி நாள். வெளியே எங்கும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள்.

இது கிளைடர்காரர்களின் தனிப் பிரச்னை என்று நினைக்க வேண்டாம். ஐபோன் 5 வைத்திருந்தவர்கள் 2019 நவம்பர் 3-க்குள் சாப்ட்வேரைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது இதே காரணத்தால்தான். 2022 ஜனவரியில் பல பழைய ஹோண்டா கார்களின் கடிகாரம் 2002-க்குப் போனது. 2021 அக்டோபரில் ஜி.பி.எஸ்.டி. என்ற இலவச சாப்ட்வேரில் இருந்த ஒரு கணக்குப் பிழை, அதை நம்பியிருந்த கம்ப்யூட்டர்களை 1024 வாரம் பின்னால் தள்ளப் பார்த்தது.

மைதானத்துக்கு வருகிறேன். பைலைச் சரிபார்க்கும் சாப்ட்வேரில் கொடுத்தேன். 'சரியான பைல், கையெழுத்து பொருந்துகிறது' என்று பதில் வந்தது! யோசித்துப் பாருங்கள். தேதி இருபது வருடம் தப்பு. கையெழுத்து நூறு சதவீதம் சரி. டிஜிட்டல் கையெழுத்து 'இதை யாரும் மாற்றவில்லை' என்று மட்டும்தான் சொல்லும். 'இதில் இருப்பது உண்மை' என்று சொல்லாது. இன்டர்நெட் பிரவுசரில் பூட்டுப் படம் இருந்தால் அந்தக் கடைக்காரர் யோக்கியர் என்று நம்புகிறோமே, அதே மயக்கம்தான்.

பக்கத்தில் நின்ற ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "ஆறு எண்தானே, நோட்பேடில் மாற்றிவிடுங்களேன்." ஒரு காப்பி எடுத்து மாற்றிப் பார்த்தேன். 100623. உண்மையான தேதி. சரிபார்த்தால் 'கைபட்ட பைல், செல்லாது'. ஒரிஜினலில் பொய்யான தேதி, கையெழுத்து செல்லும். திருத்தியதில் உண்மையான தேதி, கையெழுத்து செல்லாது. அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

பார்வையாளர் எழுபது வயதுப் பெரியவர். வின்ச் நோட்டில் அன்றைய தேதியும் நேரமும் இருக்கின்றனவே என்று நான் வாதாடினேன். "நான் கையெழுத்துப் போடுவது நோட்டுக்கு இல்லை, பைலுக்கு. பைல் 2003 என்கிறது" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் செய்தது சரியென்றுதான் படுகிறது. தெரிந்த பெண், கண்முன்னே பறந்தாள் என்பதற்காக ஒரு முறை விட்டுக்கொடுத்தால், அடுத்த முறை தெரியாத ஊரிலிருந்து ஒரு பைல் வரும்போது எதை வைத்து மறுப்பது?

அந்தக் குளிர்காலத்தில் கிளப்பின் ஐந்து ரெக்கார்டர்களையும் மேஜையில் பரப்பினேன். பாதி நாள் கோளாறு கருவியில் இல்லை, என் கம்ப்யூட்டரில்தான். எல்லாம் சீரியல் போர்ட் காலத்துக் கருவிகள், இன்றைய லேப்டாப்பில் அந்த போர்ட்டே கிடையாது. யு.எஸ்.பி. சீரியல் கன்வெர்ட்டர் வாங்கினால், மலிவான ஒன்றின் சிப்பைப் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்கவில்லை. வேறு ஒன்று வாங்கினேன், அது காம் 7 என்று உட்கார்ந்துகொண்டது. பழைய டாஸ் புரோகிராமுக்கு காம் 1 முதல் 4 வரைதான் தெரியும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் பகுதியைத் திறந்து, கன்வெர்ட்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் வழியாக அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தினால் அந்த எண்ணை மாற்றலாம். பழைய பிரிண்டரோ, பில் போடும் மெஷினோ, எடை மெஷினோ இணைக்கிறவர்களுக்கும் இது உதவும். கன்வெர்ட்டரை எப்போதும் ஒரே யு.எஸ்.பி. துளையில் செருகுங்கள். துளை மாறினால் எண்ணும் மாறிவிடுகிற கன்வெர்ட்டர்கள் உண்டு.

அதற்குப் பிறகும் 16 பிட் டாஸ் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. விண்டோஸ் 11-ல் 64 பிட் மட்டும்தான். டாஸ்பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரில் சீரியல் போர்ட்டைக் கோத்து ஓட்டலாம், நான் ஓட்டினேன். ஆனால் சனிக்கிழமை மாலையில் மைதானத்தில் செய்கிற வேலை இல்லை அது. கடைசியில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு கிழட்டு லேப்டாப்பை, இன்டர்நெட் இணைப்பு தராமல், இதற்கென்றே வைத்துக்கொண்டோம்.

மற்றவை சாதாரணக் கோளாறுகள். ஒன்றில் ஆன்டெனா வயர் இணைப்பில் முறிந்திருந்தது. ஒன்றில் பவர் பிளக்கின் பின்கள் பாசி பிடித்திருந்தன. சாட்டிலைட் பிடிக்கவில்லை என்றால் கருவியைச் சந்தேகிக்கும் முன் ஆன்டெனாவை வானம் தெரியும் இடத்தில் வைத்துப் பாருங்கள். கார்பன் பைபர் உடல் சிக்னலை மறைக்கும்.

ஐந்தில் மிகப் பழையதுதான் என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது. சாட்டிலைட் பிடித்தது, தேதி சரி, பாதை சரி. பைல் மட்டும் செல்லவில்லை. கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி, உள்ளே ஒரு பேட்டரி உயிரோடு வைத்திருக்கும் மெமரியில் இருக்கிறது. பெட்டியை யாராவது திறந்தால் ஒரு குட்டி சுவிட்ச் விலகிச் சாவி அழிந்துவிடும். ஏமாற்றுவதைத் தடுக்க வேண்டுமே, சரிதான். ஆனால் பேட்டரி வயதாகித் தீர்ந்தாலும் சாவி அழிந்துவிடும். பேட்டரியை மாற்ற வேண்டுமென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் சுவிட்ச்! தயாரித்த நிறுவனத்துக்கு அனுப்பினால்தான் மீண்டும் சாவி போடுவார்கள். எழுதிக் கேட்டோம். அந்த மாடலுக்குச் சர்வீஸ் நிறுத்திவிட்டார்களாம்.

என் கருத்து இதுதான். பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திருடனுக்கும் முதுமைக்கும் வித்தியாசம் தெரியாத பூட்டு நல்ல பூட்டு இல்லை. சாவி அழிவதற்கு ஆறு மாதம் முன்பே 'பேட்டரி இறங்குகிறது' என்று திரையில் ஒரு வரி காட்டுவது கஷ்டமான காரியமா? ரிசீவரின் தேதி எந்த வருடம் தப்பும் என்று கருவியின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன? மருந்துப் பாட்டிலில் போடுகிறார்களே. கருவியை விற்கிறவருக்கு இந்த இரண்டு நாளும் விற்கும்போதே ஏறக்குறையத் தெரியும்.

கிளப்பில் இதைச் சொன்னபோது இரண்டு கட்சி ஆனது. "இருபது வருடம் உழைத்த கருவி, ஆன்டெனாவை மாற்றினால் இன்னும் ஓடும், எதற்குச் சில நூறு யூரோ?" என்று ஒரு கட்சி. இவர்கள் 1970-களின் கிளைடர்களைப் புதுசு போல வைத்திருக்கிறவர்கள், சாதாரணமாக நான் இவர்கள் பக்கம்தான். கிளைடரின் இறக்கையை நம் கையால் சரிசெய்து, பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொள்ள முடியும். ரெக்கார்டரின் சாவியை அப்படிச் செய்ய முடியாது. ஓடுகிற கருவி என்பது வேறு, சாட்சி சொல்லத் தகுதியுள்ள கருவி என்பது வேறு. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாததால்தான் ஜூன் 10 நடந்தது. மூன்றை மாற்றினோம். ஆன்டெனா, பிளக் சரிசெய்த இரண்டைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டோம்.

புதியவை யு.எஸ்.பி. வயரில் செருகினால் பென் டிரைவ் போலத் திறக்கின்றன, பைலை இழுத்துப் போட்டால் போதும். வாங்கும் முன் கடைக்காரரிடம் நான் கேட்டது திரை அளவோ கலரோ இல்லை. உள் பேட்டரியை யார் மாற்றுவார்கள், மாற்றினால் சாவி என்ன ஆகும், சரிபார்க்கும் சாப்ட்வேர் உங்கள் கம்பெனி மூடினாலும் கிடைக்குமா என்றுதான் கேட்டேன். முதல் ஆள் சிரித்தார். இரண்டாவது ஆள் பதில் சொன்னார், அவரிடம் வாங்கினோம். 'போனிலேயே எக்ஸ்சி-சோர் என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறதே' என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல சாப்ட்வேர், நானே பயன்படுத்துகிறேன். பாதை காட்டவும் பயிற்சிக்கும் அது போதும். ஆனால் போனுக்குச் சீல் கிடையாது, பெரிய பேட்ஜுகளுக்குச் சாட்சியாக அது செல்லாது.

பழைய கருவிகளின் மெமரியிலிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான பைல்கள் மட்டும் எந்தக் கம்ப்யூட்டரிலும் இன்றும் திறக்கின்றன. வெறும் டெக்ஸ்ட் என்பதால்தான். கருவி போய்விட்டது, கம்பெனியின் சர்வீஸ் போய்விட்டது, டவுன்லோட் புரோகிராம் போய்விட்டது, பைல் இருக்கிறது. உங்கள் டிஜிட்டல் கேமராவோ கணக்கு சாப்ட்வேரோ தனக்கு மட்டுமே புரியும் ஒரு வடிவத்தில் சேமிக்கிறதென்றால், பொதுவான வடிவத்தில் ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

அந்தப் பெண் 2024 ஜூலையில் அதே முக்கோணத்தை மறுபடி பறந்தாள். இந்த முறை கிளைடரில் இரண்டு ரெக்கார்டர்கள். காலையில் இரண்டையும் ஆன் செய்து, நேரத்துக்கு முன் தேதியைப் படித்து, அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன். "வருடத்தையும் சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். மாலையில் பெரியவர் பைலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பழைய ஸ்பேர் ரெக்கார்டர் இப்போது ஒர்க்‌ஷாப் சுவரில் கடிகாரமாகத் தொங்குகிறது. நேரம் விநாடி சுத்தமாகக் காட்டுகிறது. தேதி தெரியும் மூலையில் யாரோ இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறார்கள்.